நாற்றங்காலுக்கு விடும் தண்ணீர்

என் மகளுக்கு ஏழு வயது ஆகிறது. 31ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,150 கிராம். அன்று காலை எனக்கு பி.பி. 170/110, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் மூன்று பிளஸ். வலிப்பு ஜன்னி வந்துவிடக் கூடாது என்று மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை தணல் ஏறின மாதிரி இருந்தது. அப்புறம் சிசேரியன். அவள் 38 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். நான் தினமும் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போனாள். விடைத்தாள் திருத்தப் போய் டென்ஷன் ஆனாள். வெயிலில் நின்றாள். என் மாமியார் சொன்ன காரணம் ஊறுகாய். "உப்பு உப்புன்னு தின்னா கால் வீங்காம என்ன பண்ணும்?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். நானும் நம்பினேன் என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவள். நஞ்சுக்கொடிப் படத்தைக் கரும்பலகையில் வருஷா வருஷம் வரைகிறவள். அப்படியிருந்தும், ராத்திரி பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அந்த ஊறுகாய் ஜாடிதான் கண் முன்னால் வந்து நிற்கும்.

அந்த முதல் கர்ப்பத்தின் 20ஆவது வார ஸ்கேன் ரிப்போர்ட் என்னிடம் இன்னும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் கடைசிக்கு முந்தைய வரி: இரண்டு பக்கக் கருப்பைத் தமனிகளிலும் 'நாட்ச்' தெரிகிறது. அன்று அதை யாரும் எனக்கு விளக்கவில்லை. "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் நார்மல்" என்று சொல்லிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். நான்கு வருஷம் கழித்து, இரண்டாவது முறை உண்டானபோது, வேறொரு டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டி அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "இதைப் பத்தி உங்ககிட்ட யாராவது பேசினாங்களா?" என்றார். அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். அதிலிருந்து எனக்குப் பிடிபட்டதை எழுதத்தான் இந்தப் பதிவு.

கருப்பைக்கு ரத்தம் முக்கியமாக இரண்டு கருப்பைத் தமனிகள் வழியாக வருகிறது. இடுப்புக்குள் பக்கத்துக்கு ஒன்று. சினைப்பைத் தமனிகளும் மேலிருந்து வந்து கைகோத்துக்கொள்ளும். கருப்பைத் தமனியிலிருந்து கருப்பையைச் சுற்றி வில் மாதிரி வளையும் கிளைகள் பிரிகின்றன. அவற்றிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு உள்நோக்கிப் போகும் கிளைகள். கடைசியில், மாதாமாதம் வளர்ந்து உதிரும் உள்சவ்வுக்குள் நுழையும் இடத்தில், தலைமுடியைச் சுருட்டிவிட்டது போன்ற மெல்லிய குழாய்கள். சுருள் தமனிகள் என்று இவற்றுக்குப் பெயர். வில்லியம் ஹன்டர் 1774இல் வெளியிட்ட கர்ப்பப்பைப் படங்களிலேயே இந்தச் சுருள்கள் இருக்கின்றன. 1940இல் மார்க்கீ என்ற ஆராய்ச்சியாளர் குரங்கின் கருப்பை உள்சவ்வில் ஒரு துணுக்கை எடுத்து அதே குரங்கின் கண்ணுக்குள் நட்டு, கண்ணின் வழியே அந்தச் சுருள்கள் இறுகுவதையும் சவ்வு உதிர்வதையும் நேரில் பார்த்திருக்கிறார். படித்ததும் அந்தக் குரங்கை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. ஆனால் மாதவிலக்கில் நடப்பது என்ன என்று கண்ணால் பார்த்துச் சொன்ன வேலை அது.

கர்ப்பம் இல்லாதபோது கருப்பைக்குப் போகும் ரத்தம் நிமிஷத்துக்கு 50 மில்லி அளவுதான். ஒரு சின்ன டம்ளர்கூட நிறையாது. மாதம் நிறையும்போது அது 500லிருந்து 750 மில்லி வரை போகிறது. கருப்பைத் தமனியே ஏறக்குறைய இரண்டு பங்கு அகலமாகிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஒரு பக்கம், ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசுவதால் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து குழாயைத் தளர்த்தி வளர்க்கின்றன. தாயின் உடம்பில் மொத்த ரத்தமே 40, 50 சதவீதம் கூடிவிடுகிறது. இதெல்லாம் பாடத்தில் சொல்லக்கூடியதுதான். என்னை உட்கார வைத்தது சுருள் தமனிகளின் கதை.

முதல் இரண்டரை மாதம் தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் ஏறக்குறைய வருவதே இல்லை. கருவிலிருந்து புறப்பட்ட செல்கள் சுருள் தமனிகளின் வாயில் போய்க் கூட்டமாக அடைத்துக்கொள்கின்றன. வாய்க்காலில் மண்ணைக் கொத்திப் போட்டு மடையை அடைப்பது போலத்தான். ஓரமாகக் கசியும் தெளிநீர் மட்டும் உள்ளே போகும். அந்த நாட்களில் கருவுக்குச் சாப்பாடு கருப்பைச் சுரப்பிகள் ஊற வைக்கும் சத்து. ஆக்சிஜன் மிகக் குறைவு. அது குறைவாக இருப்பதே நல்லது, உறுப்புகள் உருவாகும் வாரங்களில் ஆக்சிஜன் அதிகமானால் பிஞ்சுத் திசுக்களுக்கு ஆகாது. 10 முதல் 12 வாரத்துக்குள் அடைப்பு மெல்ல மெல்லக் கரைந்து மடை திறக்கிறது.

அடைத்துக்கொண்டு அந்தச் செல்கள் சும்மா இருப்பதில்லை. குழாயின் சுவருக்குள் இறங்குகின்றன. சுருள் தமனியைச் சுற்றி வட்டமாகத் தசை இருக்கும், இறுக்கவும் தளர்த்தவும் அதுதான் காரணம். பயந்தால், குளிர் அடித்தால், அட்ரினலின் ஏறினால் அந்தத் தசை குழாயை நெரிக்கும். கருவின் செல்கள் அந்தத் தசையையும் நாரையும் கரைத்துவிட்டு, அந்த இடத்தில் தாங்களே ஒரு கெட்டிப்பசை போன்ற பொருளோடு பதிந்துகொள்கின்றன. கருப்பையின் தசைச்சுவரில் உள்பக்க மூன்றில் ஒரு பங்கு வரை இந்த வேலை நடக்கிறது. தாயின் நோய் எதிர்ப்புச் செல்களிலேயே ஒரு வகை, வெளியாளை விரட்ட வேண்டிய செல்கள், முன்கூட்டியே வந்து சுவரைத் தளர்த்திக் கொடுக்கின்றன. இந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். பாதி அப்பாவுடையதான ஒரு உயிர், அம்மாவின் ரத்தக்குழாயை உடைத்துத் தனக்கு ஏற்றபடி கட்டுகிறது, அம்மாவின் படையே கூட நின்று உதவுகிறது. முடிந்த பிறகு அது அம்மாவின் பதற்றத்துக்கும் பயத்துக்கும் இறுகாத குழாய். வாய் மட்டும் புனல் மாதிரி அகன்று, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. நஞ்சுக்கொடியின் அடியில் இப்படி நூற்றுக்கு மேல் வாய்கள்.

வாய் ஏன் அகல வேண்டும்? நிறைய ரத்தம் வரத்தான் என்றே நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி.

எங்கள் அப்பாவுக்குக் கோபி பக்கம் கொஞ்சம் நிலம், அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனம். கொடிவேரி அணைத் தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் வராத நாளில் கிணற்று மோட்டார்தான். நாற்றங்காலில் முளைகட்டிய நெல்லை விதைத்துவிட்டு முதல் தடவை தண்ணீர் விடும் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மோட்டார் போட்டதும் மூணு இஞ்சுக் குழாயிலிருந்து தண்ணீர் எகிறிக்கொண்டு விழும். அதை அப்படியே பாத்திக்குள் விட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும், விழுந்த இடத்தில் குழி பறித்துவிடும். அப்பா ஒரு கோணிச் சாக்கை நான்காக மடித்துத் தண்ணீர் விழும் இடத்தில் போட்டு, மேலே ஒரு பலகைக் கல்லை வைப்பார். அப்புறம் மண்வெட்டியால் மடை வாயை இரண்டு பக்கமும் செதுக்கி அகட்டுவார். குறுகலாக வந்த தண்ணீர் அந்த அகன்ற வாயில் வந்ததும் சத்தம் அடங்கிப் பரவும். நாற்றங்காலுக்குள் நுழையும்போது அது ஓடுவதே தெரியாது, விதைகளுக்கு நடுவில் பளபளப்பு மட்டும் ஏறும். "வாய அகட்டி உட்டாத்தான் அம்மிணி தண்ணி அடங்கும்" என்பார்.

இதேதான். கேம்பிரிட்ஜில் கிரஹாம் பர்ட்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2009இல் போட்ட கணக்கில், புனலாக விரிந்த வாயிலிருந்து ரத்தம் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில்தான் உள்ளே வருகிறது. விரியாத குழாய் என்றால் அது வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர். உள்ளே நஞ்சுக்கொடியின் விரல்கள், வேர் மாதிரி, தாயின் ரத்தக் குளத்தில் மிதந்துகொண்டிருக்கின்றன. பத்து இருபது மடங்கு வேகத்தில் பீய்ச்சி அடித்தால் அவை கிழிபடும், குழி விழும், ரத்தம் உறையும். ரத்தம் நின்று நிதானித்தால்தான் ஆக்சிஜன் கைமாற நேரமும் கிடைக்கும்.

எனக்கு முதல் கர்ப்பத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வாய் சரியாக அகலவில்லை. சுவர்த்தசை அப்படியே நின்றுவிட்டது. ப்ரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் மூவரும் 1967இல் சாதாரணக் கர்ப்பத்தில் இந்தக் குழாய்கள் எப்படி மாறுகின்றன என்று விவரித்தார்கள். 1972இல், பி.பி. ஏறிய கர்ப்பங்களில் அந்த மாற்றம் மேலோடு நின்றுவிடுவதை, தசைச்சுவருக்குள் இறங்காமல் போவதை எழுதினார்கள். தசை மிச்சமிருந்தால் குழாய் இறுகும், தளரும், மறுபடி இறுகும். நஞ்சுக்கொடிக்கு ஒரு நேரம் பட்டினி, ஒரு நேரம் வெள்ளம். அந்த அடியில் அது சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் அப்படி ஒன்றை அடையாளம் காட்டியது. அந்தப் புரதம் தாயின் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. பி.பி. ஏறுகிறது, சிறுநீரகம் அல்புமினை ஒழுக விடுகிறது, முகம் வீங்குகிறது, கண் மங்குகிறது. ஏழாம் மாதத்தில் என் கால் வீங்கியதற்கு விதை, எனக்கு நாள் தள்ளிப்போனதே சரியாக உறைக்காத வாரங்களில் விழுந்துவிட்டது. எட்டாவது வாரத்தில் நான் ஊறுகாயை வாயில் வைக்கவே இல்லை. சோற்று வாசனைக்கே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பி.பி. ஏறும் எல்லாக் கர்ப்பத்துக்கும் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி வாரங்களில் ஏறுகிறவர்கள் பலருக்கு இந்தக் குழாய்கள் நன்றாகவே மாறியிருக்கும். என்னைப் போல 34 வாரத்துக்கு முன்பே வந்து, குழந்தையும் சிறுத்துப்போகும்போதுதான் இந்தச் சங்கதி பெரும்பாலும் பின்னால் இருக்கிறது.

சரி, இரண்டாவது கர்ப்பத்துக்கு வருகிறேன். 12ஆவது வாரம். 'இங்கு கருவின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது' என்ற பலகைக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து உள்ளே போனேன். ஜெல் சில்லென்றிருந்தது. டாக்டரம்மா கருவியை அடிவயிற்றின் ஓரத்துக்கு, இடுப்பெலும்புப் பக்கம், நகர்த்தினார். ஸ்பீக்கரில் 'உஷ்... உஷ்...' என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு, "பாப்பாவா டாக்டர்?" என்றேன். "இல்லம்மா. இது உங்க ரத்தம். பாப்பாவுக்குப் போய்க்கிட்டிருக்கு" என்றார்.

திரையில் வரிசையாக மலைகள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு செங்குத்தான ஏற்றம், அப்புறம் சரிவு. சரிவு தொடங்கியதும் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, மறுபடி லேசாக எழும்பி, அப்புறம்தான் இறங்கியது. அந்தப் பள்ளம்தான் நாட்ச். எதிரே போகும் வழி இறுக்கமாக இருந்தால் ரத்தம் தயங்கும், அந்தத் தயக்கம் பள்ளமாகத் தெரிகிறது. 12 வாரத்தில் நிறையப் பேருக்கு இது இருக்கும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை, 20 வாரம் தாண்டி 24 வரை பார்க்கும்போது போயிருக்க வேண்டும் என்றார். என் பழைய கதை, அன்றைய பி.பி., இந்த அலையின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, தினமும் ராத்திரி ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் எழுதினார்.

2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆபத்து அதிகம் என்று 11 முதல் 14 வாரத்துக்குள் கண்டறிந்த 1,776 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இந்த மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, 36ஆவது வாரம் வரை. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டி வந்த அளவுக்கு பி.பி. நோய் முற்றியவர்கள் வெறும் மாத்திரைக்காரர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின்காரர்களில் 1.6 சதவீதம். மாதம் நிறைந்து வரும் நோயில் பெரிய வித்தியாசம் இல்லை. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்கிறார்கள், குழாய்கள் மாறிக்கொண்டிருக்கும் காலம் அது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஆனால் முதல் பிரசவத்தில் பி.பி. ஏறியிருந்தால், இரண்டாவதுக்கு நாள் தள்ளிப்போன உடனே டாக்டரிடம் போய்ப் பழைய ஃபைலைக் காட்டுங்கள். நம் ஊரில் மூன்று மாதம் முடியட்டும், கண் பட்டுவிடும் என்று வெளியில் சொல்லாமல் இருக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், கிராம செவிலியரிடம் சொல்லிவிடலாம்.

23ஆவது வார ஸ்கேனில் வலது பக்கப் பள்ளம் இல்லை. சரிவு நீளமாக, வழவழவென்று இறங்கியது. இடது பக்கம் மட்டும் ஒரு கோடு போட்ட மாதிரி இருந்தது. வெளியே வந்து முதலில் அப்பாவுக்குத்தான் போன் பண்ணினேன். நாற்றங்கால் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். "மடை தொறந்துக்குச்சா கண்ணு?" என்றார். "ஒரு பக்கம் நல்லாத் தொறந்துருச்சுங்கப்பா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரு பக்கம் போதுஞ் சாமி, பாஞ்சுக்கும்" என்றார்.

மகன் 37ஆவது வாரத்தில் பிறந்தான், 2.6 கிலோ. நஞ்சுக்கொடி பிரிந்ததும் ஆக்சிடோசின் ஊசி போட்டார்கள். அப்புறம் வார்டில் நர்ஸம்மா ஒருவர் வந்து வந்து என் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார், வலியில் அவர் கையைத் தட்டிவிட்டேன். அவர் ஏன் அமுக்கினார் என்று பின்னால் புரிந்தது. குழாய்களின் தசையைத்தான் கரு கரைத்துவிட்டதே, அவை தாமாக இறுகி வாயை மூடிக்கொள்ள முடியாது. நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த நூறு வாய்கள் திறந்தபடி நிற்கின்றன. கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால், கருப்பை இறுகும்போது அந்த நார்களே குழாய்களை நெரித்து அடைக்கின்றன. கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்றுதான் அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டு மாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாக ஒட்டிக்கொள்ளுமே தவிர, தாயின் ரத்தக்குழாயை வெட்டித் திறப்பதில்லை. கன்று போட்டு நஞ்சுக்கொடி விழுந்ததும் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவார் அப்பா, மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

மகன் பிறந்து மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், மாமியாருக்கு இதையெல்லாம் சொன்னேன். கேலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு படம் வரைந்தேன். ஒன்று அகன்ற வாய், ஒன்று குறுகின வாய். "இது மூணாம் மாசத்துலயே நடக்கறதுங்க அத்தை. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றேன். சண்டைக்குத்தான் தயாராக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். என் கணவருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. எட்டாம் மாதம். அத்தைக்கு ஜன்னி கண்டு, நினைவு வந்தபோது குழந்தை இல்லை, புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். வீட்டில் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை.

"எனக்கும் அப்ப ஊறுகாய்ன்னுதான் சொன்னாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாவடு. எங்கம்மா போட்டு அனுப்பினது" என்றார்.

அந்தத் தாளை வாங்கி மடித்து, தன் பி.பி. மாத்திரை வைக்கும் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். 45 வயதிலிருந்து அந்த மாத்திரை போடுகிறார். கர்ப்பத்தில் இப்படி பி.பி. ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இருதய நோயும் வர வாய்ப்பு அதிகம், இருதய நோய்க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவருக்கு ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம். நான் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறோம், அத்தை முதலில் கையை நீட்டுவார். போன மாதம் எனக்கு 126/80, அவருக்கு 138/84.